மே மாதத்தில் ஏறிய தண்ணீர்

நிலத்தடி நீரைப் பற்றி என் கணவர் கல்லூரிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு பாடப்புத்தகம் எழுதினார். முதல் பதிப்பு அச்சுக்குப் போனபோது என் கண்ணில்கூடக் காட்டவில்லை. "இதெல்லாம் உனக்கு போரடிக்கும்" என்றார். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பரீட்சைத் தாள் திருத்தியவளிடம் சொல்கிற பேச்சா இது? சரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

புத்தகம் வந்தது. ஒரு கணக்கில், பத்து மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் பன்னிரண்டாவது மீட்டரில் தண்ணீர் நின்றது. ஒரு படத்தை அச்சகத்தில் இடம்வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மயிலாப்பூருக்கு மேற்கே கடல். அதை நம்பிக் கிளம்பினால் கோடம்பாக்கத்தில் கால் நனைக்கலாம். இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடானபோது மனிதர் தானாகவே வந்து தாள்கட்டை என் முன்னால் வைத்தார், சிவப்புப் பேனாவோடு. நான் பேனாவின் மூடியைக் கொஞ்சம் சத்தமாகக் கழற்றினேன்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். கீழே கார் நிறுத்துகிற இடத்தின் மூலையில், கம்பிவலை போட்டு மூடிய கிணறு ஒன்று உண்டு. இவர் ரிட்டயரானதிலிருந்து தினமும் காபி குடித்த கையோடு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, அதன் நீர்மட்டத்தை அளந்துவிட்டு வருவார். என்னை ஒரு நாளாவது அப்படி அக்கறையாகப் பார்த்திருப்பாரா என்று நான் கேட்பதுண்டு.

அந்தக் கிணற்றுக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் இரண்டாம் மாடிக்காரரிடம் இரண்டு கார். ஒன்று தெருவில் வெயில் காய்கிறது. கிணற்றைத் தூர்த்துவிட்டால் அதற்கும் நிழல் கிடைக்கும் என்று அவர் கிளப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வதாகப் பேச்சு. கிணறு போய்விட்டால் இவர் காலையில் எதற்காக எழுந்திருப்பார்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

இவர் மட்டும் தெம்பாக இருந்தார். "ஆறாம் அத்தியாயத்தைக் காட்டினா எல்லாரும் வாயை மூடிண்டுடுவா" என்றார். எங்கள் கிணற்றின் நீர்மட்டத்தைக் கோடாக வரைந்த படம் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. ஊரெல்லாம் கிணறு வற்றுகிற மே மாதத்தில், எங்கள் கிணற்றின் கோடு மட்டும் ஒரு மேடாக எழும்பும். இவர் அளந்த மூன்று வருஷமும் அப்படியே. அதற்குக் கடலின் ஏற்றவற்றம், ஆழத்து நீரடுக்கின் அழுத்தம் என்று அரைப் பக்கத்துக்கு விளக்கம் வேறு. இப்படிப்பட்ட கிணற்றை யாராவது மூடுவார்களா என்பது இவர் கட்சி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கத்துக்கு வந்தேன். மேடு தொடங்குகிற தேதியையும் இறங்குகிற தேதியையும் பார்த்தேன். எங்கேயோ பார்த்த தேதிகளாக இருந்தன. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவை ஒவ்வொரு மே மாதமும் நான் பெங்களூரில் பெண் வீட்டுக்குப் போய்த் திரும்பிய தேதிகள்.

விஷயம் இதுதான். இவர்தான் கட்டடத்துக்கு செக்ரட்டரி என்பதால் மோட்டார் சுவிட்ச் எங்கள் வீட்டில். தரைக்கடியில் சம்ப்புத் தொட்டியில் இருக்கிற லாரித் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவதும், நிரம்பியதும் அணைப்பதும் என் வேலை. நான் ஊருக்குப் போனால் இவர் வேலை. இவர் மோட்டாரைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். தொட்டி நிரம்பி வழியும். வழிகிற தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று, அது இறங்கும் குழாயைக் கிணற்றில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்ததும் இதே செக்ரட்டரிதான். செய்துவிட்டு மறந்தும்விட்டார். காலையில் டேப்போடு போய் அளந்தால் மட்டம் ஏறியிருக்கும். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் வேகமாக எழுதுவார். மோட்டார் இன்னும் நேரம் ஓடும்.

"ஏன்னா, உங்க ஆழத்து நீரடுக்கு நம்மாத்து மோட்டார்தான்" என்றேன்.

தேதிகளைப் பார்த்தார். குழாயைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் காபி ஆறியதுகூடத் தெரியாமல் இருந்தார். கேலி செய்ய நினைத்திருந்த எனக்கு மனசு கேட்கவில்லை.

"புஸ்தகத்துல திருத்திடுங்கோ. கூட்டத்துல இதைப் பத்திப் பேசவேண்டாம். கிணறு நமக்கு வேணும்" என்றேன்.

"புஸ்தகத்துக்கு ஒண்ணு, கூட்டத்துக்கு ஒண்ணா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். இவர் எழுந்து படத்தைத் தூக்கிக் காட்டி, மேட்டுக்குக் காரணம் தன் மறதிதான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டாம் மாடிக்காரருக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப தண்ணி தானா ஊறலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். மூடிரலாமே?"

சில கைகள் எழும்பத் தொடங்கின. அப்போது மூன்றாம் மாடி மாமி எழுந்தார். இந்த மாமிக்கும் எங்களுக்கும் பேச்சு நின்று வெகுநாளாயிற்று. மே மாதம் வந்தால் லாரித் தண்ணீர் இரண்டே நாளில் தீர்ந்துபோகும். நாள் முழுக்கத் துவைத்துக்கொண்டிருக்கிறார் என்று கட்டடமே அவர்மேல் பழி போட்டது. செக்ரட்டரி என்ற முறையில் இவரே போய்த் தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அப்போ அத்தனை தண்ணியும் நான் கொட்டினதில்லையா?" என்றார் மாமி.

"இல்லை மாமி. நான் கொட்டினது. தப்பு என் பேர்ல" என்றார் இவர்.

மாமி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "மூணு வருஷமா என் தலையில கட்டின தண்ணி அந்தக் கிணத்துலன்னா இருக்கு? அதை மூடிட்டுக் காரை நிறுத்துவேளா? நன்னாருக்கே நியாயம்! யாராவது கையைத் தூக்குங்கோ, பாக்கறேன்."

எழும்பிய கைகள் தலையைச் சொறிந்துகொண்டன. இவர் சும்மா இருந்தாரா? "மாமி, அந்தத் தண்ணி இந்நேரம் மண்ணுக்குள்ள இறங்கிக் கடல்பக்கம்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். உண்மைக்கும் ஒரு அளவு உண்டு. இரண்டாம் மாடிக்காரரின் கார் இன்றைக்கும் தெருவில்தான் நிற்கிறது.

புத்தகத்தில் அரைப் பக்க விளக்கம் போய் ஒரு வரி வந்தது: மே மாத உயர்வு இயற்கையானதல்ல, மேல்தொட்டி நிரம்பி வழிந்த நீர். கடலையும் கிழக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

இந்த வருஷமும் பெங்களூர் போகப் பெட்டியை எடுத்து வைத்தேன். இவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"அவசியம் போகணுமா?"

"மோட்டாரை நினைச்சா பயமா இருக்கா? மாமிகிட்ட சொல்லிட்டுப் போறேன். கிணத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"கிணத்தைப் பத்தி இப்ப யார் கேட்டா?" என்றார்.