கோப்பைக்கு வைத்த பொட்டு

சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து போகிறவர். அங்கே பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் ஆபீஸைத் திறப்பது, பெருக்குவது, டீ வாங்கி வருவது, கண்ணாடி பீரோவைக் காப்பது எல்லாம் அவர் பாடு. செக் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் அந்த பீரோவில்தான் இருக்கும். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றை விட்டு இறங்காது. மகளுக்கு மாப்பிள்ளை பேசப் போன இடத்தில்கூட, கம்பெனிச் சாவியே இவியகிட்டதான் என்றுதான் சொந்தக்காரர்கள் அவரைப் பற்றிச் சொன்னார்கள்.

முதலாளி கௌதம்ராஜ் வெளிநாட்டு ஏலத்தில் எடுத்த ஒரு கோப்பையையும் அந்த பீரோவில் வைத்தார். ரோமானியர்கள் தண்ணீரோ திராட்சை மதுவோ குடித்தது. ஊதிச் செய்த கண்ணாடி. காலகாலமாக மண்ணுக்குள் கிடந்ததில் கண்ணாடியின் மேல்தோல் மீன்செதிள்போல ஆகி, வெளிச்சம் பட்டால் ஊதாவும் பச்சையுமாக மினுங்கும். அந்தத் தோல்தான் அதற்கு மதிப்பு. தண்ணீர் படக் கூடாது, கழுவவே கூடாது என்று சமுத்திரத்திடம் சொல்லிவைத்தார்.

ஆயுத பூஜையில் எதுவும் விடுபடுவது சமுத்திரத்துக்குப் பொறுக்காது. தறி, பிரிண்டர், தராசு, வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன மொபெட், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. கணக்கு பார்க்கும் யோகேஸ்வரி, செத்த நேரம் அசையாமல் நின்றால் நமக்கும் வச்சிருவாரு என்று கேலி பேசுவாள்.

போன வருஷம் அவர் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தார். முதலாளி கழுவத்தானே கூடாது என்றார், பொட்டு வைக்கக் கூடாதென்று சொல்லவில்லையே. விரல்நுனியால் சின்னதாக வைத்தார்.

பூஜை முடிந்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் தட்டியபோது தோலும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. அந்த இடம் மட்டும் டீக்கடை கிளாஸ் மாதிரி வெறுமனே தெரிந்தது.

யோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். “அந்தப் பக்கத்தச் செவரப் பாக்கத் திருப்பி வைங்கண்ணே. அவிய என்ன சுத்தி வந்தா பாக்காவ?”

திருப்பி வைத்தார். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. சாயங்காலம் முதலாளி அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார்.

கௌதம்ராஜ் வந்து கோப்பையைத் திருப்பிப் பார்த்தார். வீட்டில் பேசும் தெலுங்கில் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்.

“இதுக்கு எதுக்குண்ணே பொட்டு? இது என்ன தறியா?”

“அம்புட்டுக்கும் வச்சிட்டு இத மட்டும் விட்டா, ஒதுக்கிவச்ச மாதிரி இருந்துச்சு மொதலாளி.”

கௌதம்ராஜ் கையை நீட்டினார். அரைஞாணில் இறுகிப்போயிருந்த முடிச்சை அவிழ்க்கச் சமுத்திரத்துக்கு நேரம் பிடித்தது.

மறுநாளிலிருந்து ஒரு ஸ்டாம்ப் குத்துவதற்கும் முதலாளி வந்தாக வேண்டியிருந்தது. லாரிக்காரர்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஏசினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் கௌதம்ராஜ் சாவியை மேசைமேல் வைத்து, நீங்களே வச்சுக்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமுத்திரம் பீரோவைத் திறந்தார். செக் புத்தகம் இருந்தது, ஸ்டாம்ப் இருந்தது. கோப்பை முதலாளி வீட்டுக்குப் போயிருந்தது. அது இருந்த தட்டையும் துடைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.