ஊதா நிறமாகாத உப்பு

அயோடின் கலக்காத உப்பை, ‘அயோடின் கலந்தது’ என்று அச்சிட்ட பாக்கெட்டில் அடைத்து ஏழு மாதம் விற்றேன். வேதியியல் படித்தவன் நான். தெரியாமல் செய்ததாகச் சொல்ல வழியில்லை.

வாலிநோக்கத்தில் உப்பைப் பாக்கெட் போடும் சின்னக் கொட்டகை ஒன்று வைத்திருக்கிறேன். பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருநாள் அயோடின் கரைசலைத் தெளிக்கும் மிஷின் பழுதானது. வாசலில் லாரி நின்றது. இன்றைக்கு மட்டும் என்று தெளிக்காமலே கட்டி அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. அதன்பின் மிஷினைச் சரிசெய்யவே இல்லை. அது பின்கட்டில் இருந்ததால், சரியாகிவிட்டது என்றேன், பெண்கள் நம்பினார்கள். அதிகாரி வந்தால் காட்டுவதற்கு, கையால் கலந்த ஒரு மூட்டை தனியாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் உப்பு வேலை செய்கிறவர்கள் கடையில் உப்பு வாங்குவதில்லை. வீட்டுக்குப் போகும்போது ஒரு கை கல்லுப்பை அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். அதனால் என் பாக்கெட்டுகள் முகம் தெரியாத யார் வீட்டுக்கோ போகின்றன என்று நினைத்திருந்தேன். பாக்கெட்டின் வாயை ஒட்டும் ஒருத்தி மட்டும் சில மாதங்களாக உப்பு அள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மதியம் கிராம செவிலியர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். வீட்டில் சமைக்கும் உப்பைக் கொண்டுவரும்படி பெண்களிடம் முன்பே சொல்லியிருந்தார். உப்பில் ஒரு சொட்டு மருந்து விட்டால், அயோடின் இருந்தால் ஊதாவாகும். எல்லோருடைய கல்லுப்பும் வெள்ளையாகவே இருந்தது, திட்டு வாங்கினார்கள். கடைசியாக, உப்பு அள்ளாத அந்தப் பெண் தன் பொட்டலத்தைப் பெருமையாகப் பிரித்தாள். அவள் மகளுக்கு முதல் கரு தங்கவில்லை. இப்போது ஐந்தாம் மாதம். அயோடின் குறைந்தால் கருவுக்கு ஆபத்து, பாக்கெட் உப்புதான் சேர்க்க வேண்டும் என்று செவிலியர் சொன்னதால், எங்கள் உப்பையே கடையில் வாங்கிப் போட்டிருக்கிறாள்.

சொட்டு விழுந்தது. உப்பு வெள்ளையாகவே இருந்தது.

“ஒங்க மருந்து கெட்டுப்போச்சு நர்சம்மா. இது நம்ம கம்பெனி உப்பு. நானே ஒட்டுனது.”

செவிலியர் எதிர் டீக்கடையிலிருந்து வேறு கம்பெனி உப்பு வாங்கிவரச் சொன்னார். அது உடனே ஊதாவானது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “மிஷின் இப்பத்தான் ரிப்பேராச்சுன்னு சொல்லுங்க மொதலாளி.”

நானும் செவிலியரிடம் அப்படியே சொன்னேன். உப்பு நிறம் மாறாததைவிட அதுதான் இன்னமும் என்னை உலுக்குகிறது. அவள் மகள் சாப்பிட்ட உப்பு அது. எனக்கான பொய்யை அவள் தேடித் தந்தாள், நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்துப் பேர் முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. “ஏழு மாசமா எங்க கையாலயா பொய்ய ஒட்டுனோம்?” என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான்.

நயினார்கோவில் முதல் அக்காள்மடம் வரை கடை கடையாக ஏறி, காரணத்தைச் சொல்லி, மிச்சமிருந்த பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்தேன். சமைத்துத் தீர்ந்ததை எங்கே போய் எடுப்பது? அவள் மகளை ராமநாதபுரத்தில் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. அதில் எனக்குப் பங்கில்லை.

மிஷினைப் பழுது பார்த்தேன். தரம் பார்க்கத் தனி ஆள் வைக்க என் தொழில் தாங்காது. அந்த மருந்துக் குப்பியை ஒட்டுகிற பெண்களிடமே கொடுத்தேன். ஊதாவாகாவிட்டால் வேலையை நிறுத்தலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. கடைகளிலும் ஒரு குப்பி வைத்தேன். “ஏலே, உப்பு வாங்குனா இங்க் இலவசமா?” என்று வாங்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் சொட்டு விட்டுப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

போன மாதம் லாரி காத்திருந்தபோது, மகளுக்காக உப்பு வாங்கிய அதே பெண் கையை உயர்த்தி வேலையை நிறுத்தினாள். தட்டில் உப்பு வெள்ளையாக இருந்தது. என்னை அறியாமல் வாசலைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“மிஷின் இப்பத்தான் ரிப்பேராச்சு மொதலாளி,” என்றாள். “இந்தத் தடவ நெசமாவே.”

லாரியைக் காலியாக அனுப்பினேன்.