நாகையா கேட்காத நாற்காலி

கடல் தாண்டிப் பிழைக்க வந்த தமிழர்களின் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையைப் பதினொரு வருஷமாகக் கூட்டிப் பெருக்கிவந்த நாகையாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் எந்தப் பத்திரிகைக்கு யார் முந்துவார், எந்த ஆபீஸ் கிராணி எந்த இடத்துக்குச் சண்டை பிடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ரயில்பாதை வேலையில் இடது கை விரல் மூன்றைப் பறிகொடுத்தவர். மிச்சமிருந்த விரல்களுக்குக் கிடைத்தது துடைப்பம்தான்.

1932. சித்திரை பிறக்க ஐந்து நாள் இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் பங்களா மேசை நாற்காலிகளை வாசகசாலைக்கு விட்டுப்போனார். வாசகசாலையில் இருந்த பழையவற்றை வேண்டியவர்கள் எடுத்துப்போகலாம் என்று காரியதரிசி ராதாகிருஷ்ணன் அறிவிப்பு ஒட்டினார். வாசலில் அங்சானா மரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பழைய சாமான்களையெல்லாம் நாகையா தூக்கி வந்து வைத்தார்.

அதில் கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலி ஒன்று. நாகையாவின் கண் அதன்மேல்தான். மனைவி பவுனம்மாளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கி ஒரு வருஷமாயிற்று. தரையில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. அவர் வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை உட்கார்ந்த இடத்திலேயே கிடப்பாள். சில நாள் அடக்க முடியாமல் சேலையை நனைத்துவிட்டு, அவர் வரும் சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். இரண்டு கையும் ஊன்றி எழ ஒரு நாற்காலி இருந்தால் அந்த அவமானம் தீரும்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டுப் பார்த்தவர்தான் ஐயா அவர். இரண்டு வருஷத்துக்கு முன், வீட்டுப் பலகைச் சுவர் இடுக்குகளில் ஒட்டப் பழைய பத்திரிகை கேட்டார். “மனு எழுதிக் கொண்டா” என்றார் ராதாகிருஷ்ணன். யாரையோ கெஞ்சி எழுதி வாங்கிவந்த மனுவை, அந்தப் புண்ணியவான் கமிட்டியில் எல்லார் முன்னாலும் ராகம் போட்டு வாசித்தார். “நம்ம நாகையா வீட்டுச் சுவரு பேப்பர் படிக்கப் போகுது லா!” வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பத்திரிகை கிடைக்கவில்லை. அன்றோடு யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று முடிவுகட்டினார் நாகையா.

அதனால் குறுக்குவழி ஒன்று பிடித்தார். நாற்காலியை யார் தொட்டாலும் பக்கத்தில் போய்க் காதைக் கடித்தார். “வேணாம்ணே. மூட்டைப்பூச்சி.”

லயத்து வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டு. ஒரு வீட்டில் பூச்சி ஏறினால் பத்து வீட்டுக்கும் தூக்கம் போச்சு. தொட்டவர்கள் கையை உதறிக்கொண்டு போனார்கள். மூன்றே நாளில் பெஞ்சு போயிற்று, அலமாரி போயிற்று, கால் ஆடும் முக்காலிகூடப் போயிற்று. நாற்காலி மட்டும் பூ உதிர உதிர மரத்தடியில் நின்றது. யாருக்கும் வேண்டாத சாமான் கடைசியில் வேலைக்காரனுக்குத்தானே?

“மூலையக் கூட்டி வை புள்ள. வருஷப்பிறப்புக்கு நீ நாற்காலியில உக்காரப் போற” என்று பவுனம்மாளிடம் சொல்லியும் விட்டார்.

வருஷப்பிறப்புக்கு முதல் நாள் ராதாகிருஷ்ணன் வந்தார்.

“இது மட்டும் ஏன் நிக்குது? மூட்டைப்பூச்சியாமே?”

நாகையா துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “கொஞ்சம் இருக்குதுங்கய்யா. வெந்நீ ஊத்தினா போயிரும். வேணும்னா நான் கொண்டுபோயி...”

“சேச்சே! பூச்சி பிடிச்ச சாமான ஒருத்தன் வீட்டுக்கு அனுப்பலாமா, பாவம். நாளைக்குப் பஞ்சாங்கம் கேக்க ஜனம் வரும். இப்பவே கொளுத்திடு.”

உண்மையைச் சொன்னால் பொய்யன் என்று வேலையை விட்டு அனுப்புவார். பிழைக்க வந்து வேலையிழந்தவர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நாகையா தன் கையாலேயே மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார். ராதாகிருஷ்ணன் துரையின் நாற்காலி ஒன்றை வெளியே கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். நல்ல தேக்கு, லேசில் எரியவில்லை. கைப்பிடிகள்தான் கடைசியில் விழுந்தன.

“ஒண்ணு சொல்லட்டுமா நாகையா?” ராதாகிருஷ்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “எட்டு வருஷம் நான் உக்காந்த நாற்காலி அது. ஒரு பூச்சி கடிச்சதில்ல. நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது மொத நாளே என் காதுக்கு வந்திருச்சு. வாய விட்டுக் கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாவி.

நாகையா சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு, இடத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். பவுனம்மாள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து மூலையைக் கூட்டியிருந்தாள். நாற்காலியின் நாலு கால்களுக்கு நடுவே வரும்படி சின்னதாக ஒரு கோலமும் போட்டிருந்தாள்.

“எங்கங்க நாற்காலி?”

நாகையா வாசலிலேயே நின்றார்.

“அதுல மூட்டைப்பூச்சி புள்ள.”

“அய்யய்யோ, அப்ப வேணாம். நல்லவேளை பாத்தீங்க” என்றாள் அவள். பிறகு இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டினாள். “இந்தாங்க, என்னைத் தூக்கி விடுங்க. காலையிலேருந்து அடக்கிட்டிருக்கேன்.”