பதினாறாம் தேதி என்று போட்ட காகிதம்

மங்கையர்க்கரசிக்கு ஒரு குணம். தான் செய்கிற வேலை யாருக்கும் பிரயோஜனப்படாது என்று தோன்றிவிட்டால் அதை முன்னைவிடச் சுத்தமாகச் செய்வாள். யாரும் பார்க்கப் போவதில்லை, நாமாவது பார்த்துக்கொள்வோம் என்கிற வீம்பு. அந்த வீம்பில்தான் அவள் திருமலைராயன்பட்டினத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினோரு வருஷம் வாரச் செய்தி எழுதினாள். வியாழக்கிழமைக்கு ஒன்று என்று நானூறு காகிதத்துக்கு மேல் தேறும். அதில் மூன்றாவது மாசம் எழுதிய ஒரே ஒரு காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கதை. அது தப்பான காகிதம்.

அவள் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம் திருமருகல். பதினோராவது பாஸ். 1978 வைகாசியில் கல்யாணமாகி மாநில எல்லையில் இருக்கும் வாஞ்சூர் சாவடியைத் தாண்டி, முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தப் பக்கம் வந்தாள். புருஷன் தெட்சிணாமூர்த்திக்குக் காரைக்காலில் சர்க்கார் உத்தியோகம். ஒரு மாசம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. அடுத்த தெருவில் சண்முகசுந்தரம் என்பவர் ஐந்தாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். ஓட்டு வீடு, நாலு டீச்சர், நூற்றுப்பத்துப் பிள்ளைகள். பாதிப் பிள்ளைகள் பட்டினத்து வீடுகளிலிருந்து, மீதி கருக்களாச்சேரி மீனவர் குப்பத்திலிருந்து. ஆபீஸ் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர், இவள் கையெழுத்தைப் பார்த்ததும் அப்போதே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. பிள்ளைகளிடம் வாயால் சொல்லி அனுப்பும் சேதி வீடு போய்ச் சேருவதற்குள் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. செருப்புப் போட்டு வரச் சொன்னால் வீட்டில் போய் பருப்புக் கொண்டுவரச் சொன்னார்கள் என்கிறது ஒன்று. லீவு என்றால் மட்டும் ஒரு பிள்ளைக்கும் தப்பாது. அதனால் பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மெழுகுத்தாளில் இரும்பு முள்ளால் எழுதி, மை தடவிய உருளையில் மாட்டிச் சுற்றினால் ஒவ்வொரு தாளாக விழும். மங்கையர்க்கரசி வந்த வாரமே அது ஓடத் தொடங்கியது.

அவள் எழுதியது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. வரும் திங்கள் எடை பார்க்கப்படும். மூன்றாம் வகுப்பில் ஒரு குடை கண்டெடுக்கப்பட்டது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். நகம் வெட்டி அனுப்பவும். தலையில் பேன் பார்க்கவும். கீழே ‘தாளாளர்’ என்று சண்முகசுந்தரத்தின் கையெழுத்து. இவள் பெயர் எங்கும் கிடையாது.

இரண்டு மாசத்தில் அவளுக்கு வெறுத்துவிட்டது. கடைத்தெருவில் தன் காகிதத்தில் வறுகடலை மடித்துக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்தாள். மழைத் தண்ணீரில் அது கப்பலாக மிதந்து போனதையும் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவர்கள் பாதி வீட்டில் இல்லை, தெரிந்தவர்களுக்கு நேரம் இல்லை என்று முடிவு கட்டினாள். அதற்குப் பிறகுதான் ஓரத்தில் கோடு போட்டு, தலைப்பைச் சுற்றி வளைவு வரைந்து, எழுத்தை அச்சடித்த மாதிரி எழுதத் தொடங்கினாள். சொன்னேனே, வீம்பு.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய காரியம் வந்தது. ஆறாம் வகுப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்தார் சண்முகசுந்தரம். ஐந்தாவதோடு பெண்பிள்ளைகளை நிறுத்துகிற வீடுகள் அந்தப் பக்கம் நிறைய. பஸ் ஏற்றிக் காரைக்காலுக்கு அனுப்ப மாட்டார்கள். இங்கேயே ஆறாவது இருந்தால் அனுப்புவார்கள். அதிகாரி ஒருவர் நேரில் வருவார், முப்பது பெற்றோராவது அவர் முன்னால் வந்து நின்று, எங்கள் பிள்ளையை இங்கே ஆறாவதில் சேர்ப்போம் என்று கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த வருஷம் அனுமதி இல்லை.

“சுதந்திர தினத்துக்கு அடுத்த வேலை நாள்ல வர்றாராம். காலையில ஒம்போது மணிக்கு எல்லாரும் இருக்கணும். தேதியப் பார்த்துப் போட்டுடும்மா,” என்று சொல்லிவிட்டு, வெறும் மெழுகுத்தாளின் அடியில் கையெழுத்தைக் கீறிவிட்டுப் போனார் அவர். எப்போதும் அப்படித்தான், கையெழுத்து முதலில், சேதி பிறகு.

மங்கையர்க்கரசி வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். கல்யாணச் சீரோடு வந்த தினசரி காலண்டர் சுவரில் தொங்கியது, நாகப்பட்டினத்து எண்ணெய்க் கடை கொடுத்தது. பதினைந்து சிவப்பு, பதினாறு கறுப்பு. பதினாறு என்று எழுதினாள். ‘தாயாரோ தகப்பனாரோ தவறாமல் நேரில் வரவும். இது மிக முக்கியம்’ என்று எழுதி, ‘மிக’வுக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

பதினாறாம் தேதி காலை அவள் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். தெட்சிணாமூர்த்தி ஈஸிசேரில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ஆபீஸ் கிளம்பலையா?”

“இன்னைக்கு லீவு.”

“நேத்துத்தானே லீவு?”

“நேத்து இந்தியாவுக்கு. இன்னைக்கு நம்மளுக்கு. பிரெஞ்சுக்காரன் ஊரைச் சட்டப்படி எழுதிக் கொடுத்த நாளு. உங்க ஊர்ல கிடையாது, இங்க உண்டு.” அவர் பேப்பரைத் திருப்பினார். “அதிகாரி நாளைக்கில்ல வர்றாருன்னு சார் சொன்னாரு?”

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள், பதினாறு கறுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு ஆறுதல் வந்தது. யார் படித்திருக்கப் போகிறார்கள்? படித்தாலும் லீவு நாள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? ஒருத்தர் ரெண்டு பேர் வந்திருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தெரு முனை திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் தொடங்கி மாதா கோயில் சந்து வரைக்கும் ஜனம். வெள்ளை வேட்டியும் துண்டுமாக ஆண்கள், தலைக்குக் குளித்துப் பூ வைத்த பெண்கள், குடை பிடித்துத் துப்பட்டி போர்த்திய முஸ்லிம் பெண்கள். நூறு பேர் இருப்பார்கள். சத்தமே இல்லை. எல்லார் கையிலும் அவள் எழுதிய காகிதம். நாலாக மடித்தது, மஞ்சள் பைக்குள் வைத்தது, பிளாஸ்டிக் உறையில் போட்டது. சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் மெல்ல நடந்தாள். பயம் பாதி. மீதி என்னவென்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

முன்னால் நின்ற பெரியவர் வணக்கம் சொன்னார். கருக்களாச்சேரி ஊர்த் தலைவர் செல்லையன். குப்பத்தில் அவரை நாட்டார் என்பார்கள்.

“சொன்ன நேரத்துக்கு வந்துட்டோம்மா. இன்னைக்கு எங்க ஊர்ல தொழிலை மறிச்சாச்சு. ஒரு மரம்கூடக் கடல்ல எறங்கல.”

“எதுக்குங்க?”

“பள்ளிக்கூடத்துக்கு வர்றவன் கரையில நிக்க, வராதவன் போய் மீனை அள்ளிட்டு வந்தா அது நியாயமில்லீங்களே. ஊர்க் காரியம்னா ஊரே நிக்கணும். நேத்துச் சாயங்காலமே தமுக்கு அடிச்சுச் சொல்லிட்டோம்.”

“லீவு நாளாச்சே, யாருக்கும் சந்தேகம் வரலையா?”

“வந்துச்சு. லீவு நாள்லயே கூப்பிடுறாங்கன்னா காரியம் எம்புட்டுப் பெருசுன்னு பேசிக்கிட்டோம். கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்கு.”

அறுபது கட்டுமரம் மணலில் கிடக்கிறது. தன் இரும்பு முள் கீறிய ஒரு வரிக்காக. பக்கத்தில் நின்ற அஜீசுன்னிசா என்கிற பெண் மங்கையர்க்கரசியின் முகத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்து ஆள்தானே என்ற உரிமையில் மெல்லச் சொன்னாள்: “புள்ளையோட வாப்பா பிரான்சுல இருக்காஹ. வாராவாரம் காயிதத்துல இதையும் சேத்து வச்சுத்தான் அனுப்புவேன். நகம் வெட்டியாச்சா, பேன் பார்த்தாச்சான்னு அங்கேருந்து கேட்டு எழுதுறாஹ.”

இது போதாதா? வறுகடலை மடித்த காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு என்ன ஒரு மடத்தனம் பண்ணியிருக்கிறோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

சண்முகசுந்தரம் காரைக்காலில் கொடியேற்ற விழாவுக்குப் போயிருந்தார். கேட்பதற்கு ஆள் இல்லை. சொல்வதற்குச் சுலபமான பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது: அதிகாரிக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வருகிறார். சொன்னால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போது பொறுமை போன ஒருத்தி, “அதிகாரி இன்னும் வரலியாம்மா?” என்று கேட்டதற்கு, மாரிக்கண்ணு என்கிற மீன்காரப் பெண் சுள்ளென்று பதில் சொன்னாள்: “வருவாரு, சும்மா இரு. காயிதத்துல போட்டுட்டு வராம இருப்பாங்களா?”

பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“அதிகாரி நாளைக்குத்தாங்க வர்றார்,” என்றாள் மங்கையர்க்கரசி. “இன்னைக்குன்னு நான் தப்பாப் போட்டுட்டேன். எங்க ஊர்க் காலண்டரைப் பார்த்துப் போட்டுட்டேன். சார் மேல தப்பு இல்ல. இந்தக் காகிதத்தை வாராவாரம் எழுதுறது நான்தான். என்னை மன்னிச்சுக்குங்க.”

பின்னால் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒரு நாள் மீன் போயிற்று, வயல் வேலை போயிற்று. நாளைக்கும் வா என்றால் எந்த மனுஷன் வருவான்? ஆறாவது போயிற்று, அதோடு தன் வேலையும் போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

மாரிக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஏசப்போகிறாள் என்று மங்கையர்க்கரசி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஏசவில்லை. மேலும் கீழும் பார்த்தாள்.

“இதை எழுதுறது நீயா?”

“ஆமாங்க.”

“வாராவாரம்?”

“ஆமாங்க.”

“சர்க்கார்லேருந்து அடிச்சு வருதுன்னுல்ல நெனச்சேன்!” என்றாள் மாரிக்கண்ணு, வாயைப் பொத்திக்கொண்டு. “ஒரு பொம்பளப் புள்ள உக்காந்து எழுதி, அதுக்கு எங்க ஊரு நின்னுருக்கு!”

கூட்டம் முழுக்க இப்போது அவளையே பார்த்தது. அதில் கோபம் இருந்ததா என்று அவள் தேடிப் பார்த்தாள். செல்லையன் தொண்டையைச் செருமினார்.

“நாளைக்கும் தொழிலை மறிக்க முடியாதும்மா. ஆம்பளைங்க கடலுக்குப் போயாகணும். தாயாரும் வரலாம்னு போட்டிருக்கீங்க, பொம்பளைங்க வருவாங்க. ஆனா வாயால சொல்லி அனுப்பாதீங்க. காயிதமாக் குடுங்க.”

அவள் பூட்டைத் திறந்து உள்ளே போய், மெழுகுத்தாளை விரித்து நாலு வரி எழுதினாள். ‘உங்களிடம் இருக்கும் காகிதத்தில் தேதி தவறு. தவறு என்னுடையது’ என்று எழுதி, தாளாளர் கையெழுத்து இல்லாததால் அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டாள். கைப்பிடியை அவள் சுற்ற, தாள் விழ விழ, நூறு பேரும் வரிசையில் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கிப் போனார்கள். மை காயாததால் இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். படிக்கத் தெரியாதவர்களும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவள் மனசில் வந்த பிரமிப்பு பதினோரு வருஷத்துக்கும் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு ஒரு தேதியையும் அவள் மூன்று பேரைக் கேட்காமல் எழுதியதில்லை.

மறுநாள் எட்டரைக்கே பெண்கள் வந்துவிட்டார்கள். அதிகாரி வந்தபோது மணி பதினொன்று. கட்டுமரங்கள் கரை ஏறி நேரமாகியிருந்தது, விற்கப் பெண்கள் இல்லாமல் மீன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் எழுந்து போகவில்லை. அதிகாரி மேசைக்கு எதிரே இருந்த தலைகளை எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார். சண்முகசுந்தரம் மூக்கில் விரலை வைத்தார், அவருக்கும் இது புதுசு.

முதலில் வந்து நின்றது மாரிக்கண்ணு. அவள் மகள் செல்லம் ஐந்தாவது படித்தாள். அடுத்த வருஷம் அவளை மீன் கூடை தூக்க அனுப்புவதாக இருந்தது டீச்சர்களுக்கெல்லாம் தெரியும்.

“ஆறாவது வந்தா மகளை இங்கேயே சேர்ப்பீங்களா?” என்று கேட்டார் அதிகாரி.

மாரிக்கண்ணு, ஓரமாக நின்றுகொண்டிருந்த மங்கையர்க்கரசி பக்கம் திரும்பினாள்.

“ஏன் தங்கச்சி, நீ எத்தினியாவது வரைக்கும் படிச்ச?”

“பதினோராவதுக்கா.”

மாரிக்கண்ணு கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள்.

“அப்ப ஆறுன்னு எழுதாதீங்க சார். எம்மகளுக்குப் பதினொண்ணுன்னு எழுதுங்க. எழுதிட்டுச் சொல்லுங்க, ரேகை வைக்கிறேன்.”