பிரவுணியின் இடது காது

எங்கள் நாய் பிரவுணியை முதலை கொண்டுபோனதை நான் என் கண்ணால் கண்டேன். அப்போது எனக்குப் பத்து வயது. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு வளவு நிலம் முடிகிற இடத்தில் வாவி தொடங்கும். அன்று பின்னேரம் அப்பா வீச்சுவலையோடு தண்ணீரில் நின்றார். பிரவுணி கரையோரம் ஒரு நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஒருதரம் கலங்கியது, அவன் ஒருதரம் கத்தினான், அதுவும் பாதிக் கத்தல். அப்பா வலையை விட்டுவிட்டு ஓடிவந்து, என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். நான் இரண்டு நாள் வாவிப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சுவிஸிலிருந்து சின்னம்மாவின் வீடியோ கோல் வரும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கல்யாணம் முடித்து, விசாவுக்காக எங்களோடு காத்திருந்த காலத்தில் ரோட்டில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தார். அதுதான் பிரவுணி. சுவிஸுக்குப் போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை எங்களோடு ஐந்து நிமிஷம், அவனோடு அரை மணித்தியாலம் பேசுவார். முன்பெல்லாம் அவர் கணவர் சின்னப்பாவும் திரையில் தலையைக் காட்டுவார். பிறகு, கேட்கும் நேரமெல்லாம் அவர் வேலைக்குப் போயிருந்தார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தி சொல்வதில்லை. சொன்னால் அது பாவம் என்றே வைத்திருந்தோம். அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்ததை ஆறு மாதம் கழித்துத்தான் சின்னம்மா அறிந்தார், அதுவும் ஒரு சின்னக் கட்டி என்று. எங்கள் கூரையைத் தூக்கிப்போன புயல், சுவிஸுக்குப் போய்ச் சேரும்போது நல்ல காற்றாகிவிட்டது.

"அங்க கிடந்து அழுதா ஆரு போய்த் தேத்துற?" என்றார் அம்மா. அந்த ஞாயிறு, பிரவுணி ஊர் சுற்றப் போயிருந்தான்.

ஒரு நாய் எத்தனை ஞாயிறு ஊர் சுற்றும்? அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல். அந்த வயல்வட்டையில் காவல்வாடிக் குடிசையே கதியென்று கிடந்த நாயொன்றைச் சாக்கில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதே மண்ணிறம், அதே வெள்ளை நெஞ்சு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. பிரவுணியின் இடது காது நுனி குட்டியிலேயே கிழிந்தது. இவனுக்கு இரண்டு காதும் முழுசு.

அந்தக் காது என் பொறுப்பானது. கோல் வந்ததும் நாயை மடியில் வைத்து, செல்லமாகப் பிடிப்பதுபோல இடது காதைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். பிஸ்கற்றுக் காட்டிக் காட்டி, பிரவுணி என்றால் திரும்பிப் பார்க்கவும் பழக்கினேன். முதல் கிழமை அவனைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டாம் மாதம் அவன் என் பாயில் படுத்தான்.

ஒரு ஞாயிறு சின்னம்மா, "அக்கா, நான் பிரவுணிய இஞ்ச எடுக்கப் போறன்," என்றார்.

அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் விமானத்தைக் கிட்ட நின்று பார்த்த ஆளே கிடையாது. அப்பாவின் விசா இரண்டுதரம் திரும்பி வந்திருந்தது. நாய் போகப் போகிறது, அதுவும் ஆள் மாறின நாய்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் பயமாக இருந்தது. மிருக வைத்தியர் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி மணியளவு சிப் ஒன்றை ஏற்றினார். விசர்நாய்த் தடுப்பூசி போட்டார். ஒரு மாதம் கழித்து எடுத்த இரத்தம் எங்களுக்கு முன்னமே வெளிநாடு போய், நல்ல பெறுபேற்றோடு வந்தது. பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். வட்டையில் எலி பிடித்துத் திரிந்தவன், கடதாசியில் பிரவுணி ஆனான்.

சின்னம்மா தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். அவர் வருவதற்கு முந்தின நாள் காலை, மாமா சவரக்கத்தியோடு வந்தார்.

"நுனியில கொஞ்சந்தான். நாயெல்லாம் தாங்கும்," என்றார்.

அம்மா வேண்டாம் என்று சொல்லுவார் என்று பார்த்தேன். அம்மா மஞ்சள் தூள் எடுக்க உள்ளே போனார். இன்றைக்கும் அம்மாவை நினைத்து நான் திடுக்கிடும் இடம் அதுதான். நான் நாயை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்து, வளவு அதிரக் கத்தினேன். அப்பா வந்து கத்தியைப் பிடுங்கி வாவியில் எறிந்தார். எறிந்துவிட்டு, "இனிப் படுறதப் படுவம்," என்றார்.

மறுநாள் வாடகை வான் வண்டியிலிருந்து சின்னம்மா தனியாக இறங்கினார். சின்னப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். படலைக் கதவு திறந்ததும் நாய் மயிர் சிலிர்த்து, பல்லைக் காட்டி அவர்மேல் பாய்ந்தது. நான் கழுத்துப்பட்டியில் தொங்கினேன்.

"மூண்டு வருசமெல்லா. மறந்திட்டான் போல," என்றார் அம்மா. குரல் அவருடையதாகவே இல்லை.

சின்னம்மா முற்றத்து மணலில் குந்தினார். அது குரைத்து ஓயும் மட்டும் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, இடது காதை இரண்டு விரலால் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை தடவினார். நுனியில் விரல் நின்றது.

"நல்லா மெலிஞ்சு போனான்," என்று சொல்லிவிட்டு எழுந்து, தேத்தண்ணி கேட்டார்.

அம்மா அடுப்படியில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னார். தப்பிவிட்டோம் என்று மாமா நினைத்தார். நான் மட்டும் அந்த விரல் நின்றதைக் கண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சின்னம்மா என்னை வாவிக்கரைக்குக் கூட்டிப்போனார்.

"எப்ப, புள்ள?"

நான் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். நண்டையும் அந்தப் பாதிக் கத்தலையும்கூடச் சொன்னேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை.

"எனக்குத் தெரியுமெண்டு அம்மாட்டச் சொல்லாத. அக்கா தாங்கமாட்டா."

ஆக, எங்கள் வீட்டு உண்மையைச் சின்னம்மாவிடம் மறைத்த நான், அன்றிலிருந்து சின்னம்மாவின் உண்மையை அம்மாவிடம் மறைக்க வேண்டியவளானேன்.

"அப்ப ஏன் சின்னம்மா இவனக் கொண்டு போறீங்க? இவன் உங்கட நாய் இல்லையே."

"வீட்டுக்குள்ள மூச்சு விடுற சத்தம் ஒண்டு கேக்கவேணும், புள்ள."

"சின்னப்பா இரிக்காரே?"

சின்னம்மா குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "அவர் வேலைக்குப் போயிருவாரெல்லா," என்றார். எனக்கு அது சரியான பதிலாகவே பட்டது.

புறப்படும் அன்று, கடல் கடக்கும் ஆளுக்குச் செய்வதுபோலவே அம்மா நாய்க்குத் திருநீறு பூசி, கோயில் நூல் கட்டினார். கூட்டுக்குள்ளிருந்து அவன் என்னைப் பார்த்தான். பிரவுணி என்று கூப்பிட்டேன், காதை நிமிர்த்தினான். வான் மறையும் மட்டும் நின்று அழுதேன்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் வந்தது. திரை முழுக்க நாய்தான். சின்னம்மா அவனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பார். பின்னால் கதவோ சுவரோ எதுவும் தெரியாது. "சின்னப்பா எங்க?" என்று அம்மா கேட்பார். வேலைக்கு என்று பதில் வரும்.

சின்னப்பா அந்த வீட்டைவிட்டுப் போனது, முதலை பிரவுணியைக் கொண்டுபோவதற்கும் முன்னால் என்று நான் பதினாறு வயதில்தான் அறிந்தேன். சுவிஸிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மா தலையில் கைவைத்து அப்படியே இருந்துவிட்டார். நானோ அந்த ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒரு காதைப் பொத்திப் பிடிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரியாக இருந்த எனக்கு, சின்னம்மா ஒரு முழு வீட்டையே நாயால் மறைத்துக்கொண்டிருந்தது தெரியாமல் போய்விட்டது.