அரப்பு மரத்திடம் சொன்னது

காட்டில் சும்மா முளைத்துக் கிடக்கிற மரத்தை வேலி போட்டு வளர்த்த மனிதரை நான் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால், சித்தேரி மலையடிவாரத்தில், ஓய்வு பெற்ற ரேஞ்சர் ஒருவர் அந்தத் தோட்டத்தை வைத்திருந்தார். ரோஜா கிடையாது, குரோட்டன்ஸ் கிடையாது. மலையில் எது முளைக்குமோ அது மட்டும்: வேங்கை, கடுக்காய், நெல்லி, களா, காரை. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய தகரத்துண்டு தொங்கும். “காரை முள்ளுக்குத் தண்ணி ஊத்தறாரு, கிறுக்குப் புடிச்ச மனுசன்” என்று ஊரே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது.

அது உலகச் சண்டைக் காலம். துணிக்குக்கூடக் கண்ட்ரோல். எனக்குப் பத்து வயது இருக்கும். மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா வண்டி கட்டினார். என்னைச் சுற்றிக் காட்டத்தான் போகிறோம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் மடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. தொட்டதற்குக் கையில் ஓர் அடி விழுந்தது. உள்ளே புதுச் சேலை இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

அம்மா சித்தேரி மலைக்காரி. அப்பா கீழ்நாட்டு வேதக்காரர், கிறிஸ்தவர். புளி வாங்க மலைக்குப் போனவர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பொண்ணு இப்படிப் போய்விட்டால் அவளைச் செத்தவளாக நினைத்து வீட்டார் எல்லோரும் அரப்பு தேய்த்துத் தலைமுழுகுவார்கள். அரப்பு என்பது இலையை இடித்து எடுக்கும் பொடி, எங்கள் பக்கத்தில் தலைக்குத் தேய்க்க அதுதான். முழுகிய பிறகு அவள் பெயரை யாரும் சொல்லக் கூடாது, அவளோடு பேசக் கூடாது. அம்மாவுக்கும் அப்படித்தான் முழுகினார்கள்.

அந்தத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் தம்பி என்று சந்தையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்குத்தான் இந்தப் பயணம். தன்னைப் பெற்றவள் ஒரே ஒரு தடவை அடிவாரம் வரை இறங்கி வந்து முகம் காட்டுவாளா, அதைத் தம்பியிடம் கேட்க வேண்டும். சேலை அவளுக்கு.

உள்ளே நுழைந்ததும் அம்மா எங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். அம்மா ஓடி அன்றுதான் பார்த்தேன். “இந்தக் களா எங்க வூட்டுக்குப் பின்னால இருக்குது. இந்த நெல்லியிலதான் நானும் எந்தம்பியும் தொங்குவோம்” என்றாள். “அந்த மரமெல்லாம் அங்கதான் இருக்கும், இது வேறடி” என்று அப்பா கேலி செய்தார். “உங்களுக்கு என்ன தெரியும், சும்மா வாங்க” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவ்வளவு நேரம்தான்.

வேலியோரம் குடத்தோடு மாமா வந்துகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“தம்பி” என்றாள் அம்மா. முதுகு அசையவில்லை. “தம்பி, நாந்தாண்டா.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கல்லை எடுத்திருப்பேன். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அப்பா, “வா, போலாம். மூஞ்சி குடுக்காதவங்கிட்ட என்ன பேச்சு?” என்றார்.

அம்மா நகரவில்லை. பக்கத்தில் இருந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பேச்சு முறிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் மாட்டிடம், நாயிடம் பேசுவது போல ஜாடையாகப் பேசிக்கொள்வதுண்டு. அம்மா மரத்தைப் பார்த்துப் பேசினாள்.

“மரமே, ஆத்தா நல்லாருக்காளா? ஒருநா அடிவாரம் வரைக்கும் எறங்கி வரச் சொல்லு. நான் கிட்ட வரமாட்டேன். தூரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்.”

 மாமா குடத்தைத் தூக்கிக்கொண்டு அதே மரத்துக்கு வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் வேரில் தண்ணீர் ஊற்றியபடியே மரத்திடம் சொன்னார்.

“ஆத்தா ஆடியிலேயே போயிட்டா, மரமே. காச்சல். சேதி சொல்லி அனுப்பக் கூடாதுன்னுட்டாங்க.”

அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அழுகிற சத்தம்கூட வரவில்லை. மாமாவின் குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, ஆனாலும் அவர் குனிந்தே இருந்தார்.

“இன்னொண்ணும் கேட்டுக்க. அன்னிக்கு எல்லாரும் முழுகினோம். நானும் முழுகினேன். ஆத்தா முழுகலே. கையில குடுத்த அரப்புக் கிண்ணத்தைத் தட்டிவுட்டுட்டா. எம்மவ உசுரோட இருக்கறா, நான் எதுக்கு முழுகணும்னுட்டா. அன்னியிலிருந்து சாவற வரைக்கும் அவ தலைக்கு அரப்பே தொடலே. வெறுந்தண்ணிதான்.”

பெற்றவளும் தன்னைத் தலைமுழுகிவிட்டாள் என்றே இத்தனை வருடம் நம்பியிருந்தவள் அம்மா. அந்த மனத்தாங்கலில்தான் முன்பே ஆள் விட்டுக் கேட்காமல் இருந்தாள். ஐயோ, கேட்டிருக்கலாமே என்று இன்றும் எனக்கு அடித்துக்கொள்கிறது.

அம்மா மூட்டையை அவிழ்த்துச் சேலையை மரத்தடியில் வைத்தாள். “இது அவளுக்குக் கோடித்துணி. வெக்க வேண்டிய எடத்துல வெச்சிரு” என்றாள், மரத்திடம். மாமா சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த மரத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன், தகரத்தில் அரப்பு என்று எழுதியிருந்தது. இலை கிள்ளுகிறவர்களை விரட்டுவதும் மாமாவின் வேலைதான். அவரே ஒரு கிளையை வளைத்து அம்மாவின் கைக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா மடி நிறைய உருவிக்கொண்டாள்.

திரும்பும்போது வாணியாற்றில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“வூட்டுல போயி முழுகலாமே” என்றார் அப்பா.

“அங்க எங்க ஆத்தாளை யாருக்குங்க தெரியும்?”

பாறையில் பச்சை இலையைக் கல்லால் நசுக்கினாள். கட்டின சேலையோடு இறங்கித் தேய்த்து முழுகினாள். மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறி, சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா துண்டை நீட்டினார், அவள் வாங்கவில்லை.

“மோந்து பாரு, வாசம் வருதா?” என்று தலையை என்னிடம் சாய்த்தாள்.

“வருதும்மா.”

“சின்னதுல ஆத்தா மடியில படுத்தா இந்த வாசந்தாண்டி. என்னாலதான் அவ இதை வுட்டுட்டா” என்று சொல்லி, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.