இரண்டு அடைப்பு, ஒரு பொட்டலம்

பன்றித் தீவனத்தில் கலக்கும் தூளை விற்பவனுக்கு ஜார்ஜ் டவுனில் எவனும் பெண் கொடுக்க மாட்டான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஞாயிறு பூசையில் பக்கத்தில் இருப்பவர்கள்கூட என் சட்டையை மோந்துவிட்டு நகர்ந்து உட்காருவார்கள். அது குட்டிகளுக்குப் பிடிக்கட்டும் என்று தூளில் சேர்க்கும் பால் வாசனைதான். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு வயிறு கெட்டுவிடும். கழிச்சல் கண்டு மெலிந்து நிற்கும். என் புளிப்புத் தூளைக் கலந்து கொடுத்தால் செரித்து, மளமளவென்று வளரும். சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பண்ணை முதலாளியிடம் இப்படித்தான் அளந்துவிட்டேன். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர் அவர், தமிழிலேயே பேரம் பேசுவார். அவர் வாங்கினால்தான் என் வேலை நிரந்தரமாகும்.

"மொதல்ல காட்டு, அப்புறம் வாங்குறேன்லா," என்றார்.

அடைப்பை அங்கே கண்டாங்கு என்பார்கள். இடது அடைப்புக் குட்டிகளுக்குத் தூள் கலந்த தீவனம், வலது அடைப்புக்கு வெறும் தீவனம். தீவனம் வைக்கும் அக்காவிடம், நாளுக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எடை போட்ட அன்று இரண்டு பக்கமும் ஒரே எடை!

"தம்பி, ஒன் தூள் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்லா," என்றார் முதலாளி.

அக்கா முதலாளியைப் பார்த்து மெதுவாக வாய் திறந்தார். "தவுக்கே, நான் ஒவ்வொரு பொட்டலத்தையும் ரெண்டு கண்டாங்குக்கும் பாதி பாதி போட்டுட்டேன். அந்தப் பக்கம் மணக்க மணக்கத் தின்னுது. இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க கம்பியில மூக்க வச்சிக்கிட்டு என்னையே பார்க்குதுங்க. எப்படிங்க மனசு கேக்கும்?"

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அக்கா!" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது.

முதலாளி வலது பக்கத்துக் குட்டி ஒன்றைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். "போன தடவ இதே கண்டாங்குல எல்லாம் எலும்பும் தோலுமா நின்னுச்சு. இப்ப பாதிக்கே இப்படியா? சரி, வாங்குறேன். ஆனா பாதி அளவுதான்."

எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் விற்பனைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? "முழுசாப் போட்டா இன்னும் நல்லா வளரும் தவுக்கே," என்றேன்.

"அப்படியா? காட்டு. ஒரு கண்டாங்குக்கு முழுசு, இன்னொண்ணுக்குப் பாதி. அக்காகிட்டயே குடுத்துட்டுப் போ."

அக்காவைப் பார்த்தேன். அவர் அதற்குள் வலது பக்கத்துக் குட்டிகளிடம் ஏதோ கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார். பாதி ஆர்டரே போதும் என்று வண்டியைக் கிளப்பினேன்.